மழையாக இருக்க ஓர் ஆள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருமே மழையாக இருக்கச் சம்மதிக்கவில்லை. நான் செய்த ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பால் மரம் சீவுகிறவர், இன்னொருவர் மழை. சீவுகிறவராக இருக்க எல்லாரும் தயார். மழைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஆட்டம் என்றால் கம்ப்யூட்டர் ஆட்டம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், லுக்குட் என்ற சிறு பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது எங்கள் தோட்டம். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி உட்பட யாரும் இல்லை. என் கைக்கு அது வந்தது சித்தப்பாவால். லுக்குட்டில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் ஒரு கடையில் அவர் வேலை செய்தார். சாமானைக் கொடுத்துவிட்டுத் திரும்பியே வராதவர்கள் உண்டு. அவர்களுடைய சாமான்கள் கடையின் பின்பக்கம் குவிந்து கிடக்கும். அதில் ஒன்றுதான் இது. பிஸ்கட் டின் அளவில் சாம்பல் நிறப் பெட்டி. மேலே வரிசையாக எழுத்துக் கட்டைகள், அடியில் ஒரு நீளமான கட்டை. தனியாகத் திரை கிடையாது. ஒரு வயரை டிவியின் பின்னால் செருக வேண்டும்.

"முதலாளி தூக்கிப் போடச் சொல்லிட்டாரு. பாப்பாதான் வீட்ல சும்மா இருக்காளே, வச்சிக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார் சித்தப்பா.

நான் சும்மாதான் இருந்தேன். மூன்றாம் பாரத்தோடு, பதினைந்து வயதில், பள்ளி நின்றுவிட்டது. பால் வாடை பட்டால் எனக்கு மூச்சு இழுக்கும். அதனால் மரம் சீவவும் போக முடியவில்லை. அம்மா நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோதே இறந்துவிட்டார். விடியும் முன் அப்பாவும் அக்காவும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அங்கே ஆட்களைப் பெயர் கூப்பிடுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். அதன் பிறகு பிற்பகல் வரை வீட்டில் நானும் அடுப்பும்தான்.

ஆட்கள் இருந்தாலும் நான் பேசுகிறவள் இல்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது யாராவது ஏதாவது கேட்பார்கள். பதில் எனக்குள் தயாராகி வாய்க்கு வருவதற்குள் அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கர்வம் பிடித்தவள் என்று சிலர் சொன்னார்கள். கர்வப்பட என்னிடம் என்ன இருந்தது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியோடு ஒரு புத்தகமும் வந்திருந்தது. ஆங்கிலம். பேசிக் என்ற மொழியில் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வது எப்படி என்று அதில் போட்டிருந்தது. எனக்கு இருந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் பாதி புரிந்தது. மீதியைச் செய்து பார்த்துப் புரிந்துகொண்டேன். அந்த மொழியில் சொற்கள் கொஞ்சம்தான். 'இப்படி இருந்தால் அப்படிச் செய்.' 'இந்த வரிக்குப் போ.' 'இதைத் திரையில் காட்டு.' தப்பாக எழுதினால் எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிட்டு, திரையில் ஒரு சின்னக் கட்டம் மின்னிக்கொண்டே நிற்கும். நான் எவ்வளவு நேரம் யோசித்தாலும் நிற்கும். அதுவரை என் பதிலுக்காக அப்படி யாரும் நின்றதில்லை.

கரண்ட் எங்களுக்கு நாள் முழுக்கக் கிடையாது. தோட்டத்து ஜெனரேட்டர் மாலை ஆறரைக்கு ஓடத் தொடங்கும், பத்து மணிக்கு நின்றுவிடும். அந்த நேரத்திலும் டிவி எனக்கு மட்டும் சொந்தமில்லை. தமிழ்ச் செய்தி தொடங்குவதற்குள் வயரைக் கழற்றிவிட வேண்டும். தமிழ்ப் படம் போடுகிற நாளில் பக்கத்து வீட்டார் பாயோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்கு அதைத் தொடவே முடியாது. ஆகவே பகலில் சோறு வேகும்போது தாளில் எழுதுவேன். கரண்ட் வந்ததும் கட்டைகளைத் தட்டி உள்ளே ஏற்றுவேன். வயரைப் பிடுங்கினால் எல்லாம் அழிந்துவிடும். அழியாமல் வைக்க ஒரே வழி, ரேடியோவில் கேசட்டைப் போட்டுப் பதிவு செய்வது. என்னிடம் ஒரே ஒரு கேசட் இருந்தது. மறுநாள் அதை ஓடவிட்டுத் திரும்ப ஏற்றும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும்.

"என்னா அங்க, பூனைய மிதிச்சிட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு அத்தை பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார்.

புத்தகத்தில் இருந்த ஆட்டங்கள் எல்லாம் ஒருவர் தனியாக ஆடுவது. எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார வேண்டும், அதே கட்டைகளில் அவர் கையும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரிடம் நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாதபடி ஓர் ஆட்டம் செய்துவிட்டால் யாராவது வந்துதானே ஆக வேண்டும்.

எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் செய்தேன். திரையில் ஒரு நிரை மரங்கள். ஒவ்வொரு மரமும் ஓர் ஆங்கில எழுத்து. ஒரு நட்சத்திரப் புள்ளிதான் சீவுகிற ஆள். அது மரத்தருகே போனால் மரத்தைச் சீவும். அடியில் இருக்கும் மங்குக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் நிரம்பும். நிரம்பியதும் எடுத்துக்கொண்டு திரையின் இடது ஓரத்தில் இருக்கும் வாளியில் ஊற்ற வேண்டும். எதிராளி மழை. அவர் நீளக் கட்டையை அமுக்கினால் மழை பெய்யும். அந்த நேரத்தில் மங்கில் இருக்கும் பால் எல்லாம் வீண். ஓர் ஆட்டத்தில் மூன்று மழைதான் பெய்யலாம். எப்போது பெய்வது என்பதுதான் மழையின் கெட்டிக்காரத்தனம்.

முதலில் அப்பாவைக் கேட்டேன். குளித்துவிட்டு வந்து துண்டோடு உட்கார்ந்தார்.

"நீங்க மழைப்பா. இந்த நீட்டுக் கட்டைய அமுக்குனா பெய்யும்."

"பேஞ்சா?"

"என் மங்குப் பாலு எல்லாம் தண்ணியாயிடும்."

அப்பா கட்டைமேல் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டார். நான் ஒவ்வொரு மரமாகச் சீவினேன். மங்குகள் நிரம்பின. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியில் இருந்தது.

"அமுக்குங்கப்பா. இப்ப பேஞ்சாதான் நீங்க ஜெயிக்க முடியும்."

"காலையிலதான் பேஞ்சு கெடுத்துச்சு. ராத்திரிக்கும் நான் வேற பெய்யணுமா?" என்றார். "நீ எடுத்து ஊத்தும்மா. ஊத்திட்டு வா."

எல்லா மங்கையும் வாளியில் ஊற்றி முடித்தேன். நான் ஜெயித்ததாகத் திரையில் வந்தது. அப்பாவுக்கு அது சந்தோஷமாக இருந்தது. "பாரு, ஒரு சொட்டு வீணாகல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்து போனார். எனக்கு அழுகை வந்தது. ஆட்டமே நடக்கவில்லையே.

பக்கத்து வீட்டு அத்தையைக் கேட்டேன். "மழையா? போடி. நான் மரம் சீவுறேன், நீ மழையா இரு" என்றார். சரியென்று நான் மழையானேன். நான்கு மங்கு நிரம்பியதும் பெய்தேன். அத்தை கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏண்டி, வாயே தொறக்க மாட்ட, இப்படி வயித்துல அடிக்கிறியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு என்னால் பெய்ய முடியவில்லை. கை வரவில்லை. அத்தையும் மறுபடி ஆட வரவில்லை.

அப்போதுதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. மழை நாளில் வேலை இல்லை, வேலை இல்லாத நாளில் சம்பளம் இல்லை. அப்படிப்பட்ட வீடுகளின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பொழுதுபோக்குக்கு மழையாக வா என்று கூப்பிட்டிருக்கிறேன். வேலைக்குப் போகாதவளுக்குத்தான் இப்படி ஓர் ஆட்டம் தோன்றும்.

பிறகு கொஞ்ச நாள் நானே இரண்டு பேராகவும் ஆடினேன். இடது கையில் ஆள், வலது கையில் மழை. ஒரு கை நினைப்பது மறு கைக்குத் தெரிந்துவிடும். அதில் ஒன்றும் இல்லை.

அக்காவை நான் கேட்கவே இல்லை. அவள் வேலை முடித்து வந்து, துணி துவைத்து, சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவாள். ஒருநாள் தலையில் துண்டோடு என் பின்னால் வந்து நின்றாள். நான் இரண்டு கையாலும் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னாடி இது, ரெண்டு கையும் சண்ட போடுது?"

சொன்னேன்.

"நகரு. நான் மழையா இருக்கேன்."

"மழைன்னா நீ பெய்யணும்க்கா. அப்பா மாதிரி சும்மா உக்காரக் கூடாது."

"பேஞ்சா எனக்கு லீவுலா. மூனு மழதானா? இன்னும் ரெண்டு சேத்துப் போடு."

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. மழை நாட்களில் அப்பா வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். அக்கா போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்வாள். எட்டு மணிக்கு எழுந்து, பசியாறிவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். அவள் முகத்தை அவள் முகமாகப் பார்க்கிற நாள் அது ஒன்றுதான். அந்தத் தோட்டத்தில் மழையை விரும்பிய ஆள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

அக்கா பெய்த விதத்தை இன்றைக்கும் சொல்ல முடியும். முதல் மழையை ஆரம்பத்திலேயே, ஒன்றிரண்டு மங்கு நிரம்பியதுமே பெய்துவிடுவாள். என்னைப் பயமுறுத்த மட்டும். அதன் பிறகு நெடுநேரம் ஒன்றும் செய்ய மாட்டாள். நீளக் கட்டைமேல் விரலை வைத்துக்கொண்டு, "இதோ வருது, இதோ வருது" என்பாள், பெய்ய மாட்டாள். நான் நம்பி நிரையின் கடைசி வரை போய், எல்லா மங்கும் நிரம்பி, வாளியிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கும்போது கொட்டிவிடுவாள். "ஓடு, ஓடு, மண்டோர் வராரு" என்று சிரிப்பாள். மூன்றாவது மழையைக் கடைசி மங்கு வரைக்கும் கையில் வைத்திருப்பாள். நான் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தால், ஒரு நாள் அந்தக் கடைசி மழையைப் பெய்யாமல் விட்டுவிடுவாள். விரலை மெதுவாக எடுத்து, "போ, பொழச்சிப் போ" என்பாள். எந்த நாளில் விடுவாள், எந்த நாளில் விட மாட்டாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

பல மாதங்கள் அப்படி ஆடினோம். தினமும் இல்லை. அவள் தூங்காத நாட்களில் மட்டும். அந்த நாட்களில் நான் நிறையப் பேசினேன். குழாயடியில் வராத பதில்கள் எல்லாம் அங்கே வந்தன.

பிறகு அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். இங்கிருந்து சிரம்பானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெடாஸுக்கு இன்னொரு பஸ். தூரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு சாயங்காலம் வந்து மழையாக இருந்துவிட்டுப் போகிற தூரமும் இல்லை.

அவள் போன பிறகு ஆட்டத்தை எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சமைக்கும்போது, துடைக்கும்போது, அவள் எப்போது பெய்வாள் என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அதைத் தாளில் எழுத ஆரம்பித்தேன். ஒன்றிரண்டு மங்கு நிரம்பியிருந்தால், முதல் மழை. ஆள் வாளியைவிட்டு நிரையின் பாதிக்கு மேல் போயிருந்தால், மங்குகள் எல்லாம் நிரம்பியிருந்தால், இரண்டாம் மழை. நடுவில் அவ்வப்போது, பெய்யாமலே, 'இதோ வருது' என்று திரையின் மேல்புறம் எழுத்து வர வேண்டும். கம்ப்யூட்டரை நான் மழையாக்கவில்லை. அக்காவாக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு மழையும் நன்றாகவே வந்தன. சில சமயம் எனக்கு உடம்பு சிலிர்க்கும், அவ்வளவு சரியாக இருக்கும். மூன்றாவது மழைதான் சிக்கல். எப்போது விட்டுவிடுவது? அக்காவுக்கு அதற்கு ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். எனக்கு அது பிடிபடவில்லை. நான் தோற்ற ஆட்டங்களை எண்ணி வைக்கச் செய்து பார்த்தேன். அப்போது எந்த ஆட்டத்தில் விடும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. குருட்டாம்போக்கில் எப்போதாவது விடச் செய்து பார்த்தேன். விட வேண்டாத நாளில் விட்டது, மனம் நொந்திருக்கும் நாளில் பெய்தது.

இதற்குள் உள்ளே இடம் தீர்ந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெட்டிக்கு ஞாபகசக்தி மிகக் கொஞ்சம். இடம் இல்லை என்று திரையில் போட்டுவிட்டு நின்றது. ஏதாவது வரிகளை எடுத்தால்தான் மீதி ஓடும். எதை எடுப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். விட்டுவிடுகிற வரிகள் எப்படியும் சரியாக வரவில்லை. அவற்றை அழித்தேன். இனி கடைசி மங்கில் மூன்றாவது மழை கட்டாயம் பெய்யும். அதுவும் போதவில்லை. நீளக் கட்டையை யாராவது அமுக்குகிறார்களா என்று பார்க்கிற வரிகள் இருந்தன. அமுக்கத்தான் யாரும் இல்லையே. அவற்றையும் அழித்தேன். ஆட்டம் ஓடியது. அதே கேசட்டில் பழையதன் மேலேயே பதிவு செய்தேன்.

அக்கா சில நாள் தங்குவதற்கு என்று வந்தது அதற்குப் பிறகுதான். அவள் கணவரான மாமாவும் கூட வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தாள். அங்கேயும் மரம்தான் சீவுகிறாள் என்றாள். கரண்ட் வந்ததும் அவளே கேட்டாள்.

"எங்கடி அந்தப் பொட்டி? இன்னும் வச்சிருக்கியா?"

எடுத்து வயரைச் செருகினேன். கேசட் கீச்சென்று ஓடி முடிந்தது. அப்பாவும் மாமாவும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஏதாவது சொல்வதற்குள் அக்கா தன் பழைய இடத்தில், என் வலது பக்கம் உட்கார்ந்து, நீளக் கட்டைமேல் விரலை வைத்துவிட்டாள்.

"நான்தான் மழ. நீ சீவு."

அக்கா, அந்தக் கட்டை இப்போது வேலை செய்யாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். குழாயடியில் ஆவது போலவே ஆயிற்று. பதில் வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

இரண்டு மங்கு நிரம்பின. அக்கா அமுக்கினாள். மழை பெய்தது.

"ஹா, மறக்கலடி நான்" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. சீவிக்கொண்டே போனேன். திரையில் 'இதோ வருது' என்று எழுத்து வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு என் தோளில் இடித்தாள். "இத வேற போட்டு வச்சிருக்கியா?" நிரையின் கடைசிக்குப் போனேன். மங்குகள் எல்லாம் நிரம்பின. அக்கா விரலை இறக்கினாள். இறக்குவதற்கு முன்னாலா, பின்னாலா என்று சொல்ல முடியாது. மழை கொட்டியது. அக்கா கைதட்டிச் சிரித்தாள். வாசலிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "எங்க வீட்ல இப்படிச் சிரிச்சி நான் பாத்ததே இல்லலா" என்று அப்பாவிடம் சொன்னது கேட்டது.

அவள் பெய்கிறாள் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். அவ்வளவு ஒத்துப்போயிற்று. நான் எழுதியதும் அவள் நினைத்ததும் ஒன்றாக இருந்தது. அந்த ஒரு பத்து நிமிடம், பழைய நாட்கள்போல நான் பேசினேன். அந்தத் தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். மாமியார் எப்படி என்று கேட்டேன். "இருக்காங்க" என்றாள். "ராத்திரி மழ பேஞ்சாலும் அங்க எனக்கு லீவு கெடையாது. வீட்டு வேல இருக்கே."

கடைசி மங்குக்கு வந்தேன். அதை எடுத்து வாளியில் ஊற்றினால் நான் பிழைத்தேன். மங்கை எடுக்கத் திரும்பினேன். அக்கா என்னைப் பார்த்தாள். மெதுவாக, பழையபடி, விரலைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போ," என்றாள். "பொழச்சிப் போ."

மழை பெய்தது.

திரை முழுக்கக் கோடு கோடாக விழுந்தது. மங்கு வெறுமையானது. நான் தோற்றதாக எழுத்து வந்தது.

அக்கா தன் கையைப் பார்த்தாள். பிறகு கட்டையைப் பார்த்தாள்.

"நான் அமுக்கலடி" என்றாள். "சத்தியமா நான் அமுக்கல. நான் விட்டுட்டேன்."

"எனக்குத் தெரியும்க்கா."

"பின்ன எப்படிப் பேஞ்சிச்சு?"

மங்குகளையும் அந்தக் கணக்குகளையும், இடம் போதாமல் நான் எதையெல்லாம் எடுத்தேன் என்பதையும் அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது. யோசித்துக்கொண்டிருந்தேன். திரையில் அந்தச் சின்னக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. அக்காவும் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள்.

"செய்தி போட்டுருவான்லா" என்று மாமா உள்ளே வந்தார்.

அக்கா எழுந்து அவருக்குத் தேத்தண்ணி கலக்கப் போனாள். நான் டிவியின் பின்னால் கையைவிட்டு வயரைக் கழற்றினேன்.